வாசிக்கப்படாத முகங்கள்: ஷிரின் நெஷாத்தும் நம் ஆய்வுப் பழக்கமும்

சற்று நீண்ட பதிவு. காட்சிக்கலை, மொழியியல், பண்பாட்டு ஆய்வு ஆகிய துறைகளில் இருக்கும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். மாற்றுக் கருத்திருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கின் அழைப்பிதழ் எங்கள் ஆய்வாளர் குழுவிற்கு வந்தது. பெண்ணுடலும் அடையாளமும் பற்றிய கருத்தரங்கு. அழைப்பிதழின் முகப்பில் ஷிரின் நெஷாத்தின் புகழ்பெற்ற ஒளிப்படம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. கறுப்புச் சாதோர் அணிந்த பெண் நம்மை நேராகப் பார்க்கிறாள். துப்பாக்கிக் குழல் ஒன்று அவள் முகத்தைச் செங்குத்தாகப் பிளக்கிறது. முகமெங்கும் கறுப்பு மையில் எழுத்துகள். 1994ஆம் ஆண்டின் 'ரெபெல்லியஸ் சைலன்ஸ்', அதாவது 'கலகம் செய்யும் மௌனம்', என்ற படம் அது. குழுவில் பலரும் விருப்பக்குறி இட்டார்கள். நானும் இட்டேன்.

விடுதியில் என் பக்கத்து அறையில் இருப்பவர் பாரசீகத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். அன்றிரவு அவர் அந்த அழைப்பிதழைப் பார்த்தவுடனே சொன்னார்: "படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதே!" எனக்குப் புரியவில்லை. முகம் நேர்முகம்; துப்பாக்கி ஏறத்தாழ நடுவில். எது இடம், எது வலம்? அவர் ஓர் எழுத்தைச் சுட்டிக்காட்டினார். அலிஃப் தனக்கு வலப்பக்கம் உள்ள எழுத்தோடு மட்டுமே சேரும். இடப்பக்க எழுத்தோடு ஒருநாளும் சேராது. இந்தப் படத்தில் எல்லா அலிஃப்களும் இடப்பக்கம் சேர்ந்திருந்தன. வடிவமைத்தவர் ஏதோ வசதிக்காகப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருக்கிறார். அமைப்பாளர்கள், விருந்தினர்கள், எங்கள் குழுவின் ஆய்வாளர்கள் என்று அதைக் கண்ட எவருக்கும் அது உறைக்கவில்லை. எழுத்தைப் பற்றியே முதுகலையில் இரண்டாண்டு படித்த எனக்கும் உறைக்கவில்லை.

அமைப்பாளர்களைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. முதுகலை இரண்டாமாண்டில் எழுத்துமுறைகள் குறித்த பாடத்திற்காக நான் அளித்த கட்டுரையில் இதே படத்தைக் காட்டி, "குர்ஆன் வசனங்கள் எழுதப்பட்ட முகம்" என்று சொல்லியிருக்கிறேன். வகுப்பில் எவரும் மறுக்கவில்லை. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்தக் கட்டுரையை நண்பரிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது. "இது அரபியே இல்லை. அரபியில் இல்லாத ஒலிகளுக்காகப் பாரசீகம் நான்கு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. மூன்று புள்ளி கீழே இட்ட 'பே' அவற்றில் ஒன்று. நெஷாத்தின் படங்களில் இருப்பவை பாரசீகக் கவிதைகள்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து நெஷாத்தின் படைப்புகளை முதலிலிருந்து மீண்டும் பார்த்து வருகிறேன். அவருடைய முப்பதாண்டுப் பணியை 'முக்காடு', 'கீழைத்தேயப் பெண்', 'புலம்பெயர்வு' ஆகிய சொற்களால் விளக்குவதுதான் நம் வழக்கம். அவற்றைக் காட்டிலும் அடிப்படையான ஒரு கேள்வி அதில் இருப்பதாக இப்போது எண்ணுகிறேன். எழுதப்பட்டதை யாரால் வாசிக்க முடிகிறது, யாரால் முடியவில்லை என்பதே அக்கேள்வி. அதை எதிர்கொள்ளாமல் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள், எழுதப்பட்ட முகத்தை மறுபடியும் மௌனமாக்குகிறார்கள் என்பது என் வாதம்.

நெஷாத் 1957இல் ஈரானின் கஸ்வீன் நகரில் பிறந்தவர். பதினேழு வயதில் படிப்பதற்காக அமெரிக்கா சென்றார். பெர்க்லியில் கலைக்கல்வி பயின்றார். 1979இல் ஈரானில் புரட்சி வந்தது. 1990இல்தான் அவரால் மீண்டும் ஊருக்குச் செல்ல முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நியூயார்க்கில் ஸ்டோர்ஃப்ரன்ட் ஃபார் ஆர்ட் அண்ட் ஆர்க்கிடெக்சர் என்னும் கலைவெளியில் பணியாற்றினார்; கலைஞராக ஏறக்குறைய எதையும் படைக்கவில்லை. விட்டுச்சென்ற நாடும் திரும்பிவந்து கண்ட நாடும் வேறுவேறாக இருந்த அந்த அதிர்ச்சியிலிருந்து 1993க்கும் 1997க்கும் இடையே 'விமன் ஆஃப் அல்லா' என்ற ஒளிப்படத் தொடர் உருவானது. அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் முகம், கை, பாதம், கண்ணின் வெண்படலம் என்று வெற்றுத்தோலும் கண்ணும் தெரிகிற இடங்களில் அவர் தம் கையால் பாரசீகக் கவிதை வரிகளை எழுதினார்.

யாருடைய கவிதைகள்? இங்குதான் வாசிப்பவருக்கும் வாசிக்காதவருக்கும் வெவ்வேறு படங்கள் கிடைக்கின்றன.

'ஆஃபர்ட் ஐஸ்' என்ற 1993ஆம் ஆண்டுப் படத்தில் கண்ணின் வெண்படலத்தில் எழுதப்பட்டிருப்பது ஃபரூக் ஃபரோக்சாதின் கவிதை. நவீனப் பாரசீகக் கவிதையில் பெண்ணின் விருப்பத்தையும் தனிமையையும் வெளிப்படையாக எழுதியவர் அவர். தொழுநோயாளர் இல்லம் ஒன்றைப் பற்றி 1962இல் 'வீடு கறுப்பாயிருக்கிறது' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். 1967இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், கார் விபத்தில் இறந்தார். புரட்சியை அவர் காணவில்லை. புரட்சிக்குப் பின் வந்த ஆட்சியில் அவருடைய நூல்கள் தணிக்கைக்கு உள்ளாயின.

'ரெபெல்லியஸ் சைலன்ஸ்' படத்தின் முகத்தில் இருப்பதோ தாஹிரே சஃபார்சாதேயின் கவிதை. இவர் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் திட்டத்தில் பங்கேற்றவர். புரட்சியை நம்பிக்கையோடு வரவேற்றவர். அதன் போராளிகளைப் போற்றிக் கவிதை எழுதியவர். பிற்காலத்தில் குர்ஆனைப் பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார், 2008இல் மறைந்தார். நான் குர்ஆன் என்று சொன்ன வரிகளை எழுதியவர் பின்னாளில் அந்நூலையே மொழிபெயர்த்தார் என்பது ஒரு தற்செயல். என் பிழை அதனால் சரியாகிவிடாது.

இவ்விருவரையும் ஒரே தொடருக்குள் வைத்தது எவ்வளவு துணிவான செயல் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மரபின் வேலியைக் கடந்து தன் உடலைப் பாடியவர். மற்றவர் நம்பிக்கையின் பக்கம் நின்று அதையே விடுதலையாகக் கண்டவர். ஈரானியப் பெண்களின் இருபதாம் நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த ஒரு விவாதம் அந்தத் தோல்களின்மேல் நடந்துகொண்டிருக்கிறது. பாரசீகம் தெரிந்தவர் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு நகரும்போது குரல் மாறுவதைக் கேட்பார். தெரியாதவருக்கு அது முதலிலிருந்து கடைசிவரை ஒரே கறுப்புப் பின்னல். எதிரெதிர் நிலைப்பாடுகள் இரண்டும் கலந்து 'இஸ்லாமியப் பெண்' என்ற ஒற்றைச் சித்திரமாகிவிடுகின்றன. மொழியியலில் சொல்வதானால், எழுத்து இங்கே தன் பொருளைச் சுட்டுவதை நிறுத்தி, எழுதியவரின் சமயத்தையும் நிலப்பகுதியையும் சுட்டும் அடையாளமாகச் சுருங்கிவிடுகிறது. கவிதை, முத்திரையாகிவிடுகிறது.

இதற்குக் கலைஞரும் பொறுப்பில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நியூயார்க்கின் காட்சிக்கூடத்தில் நிற்கும் பார்வையாளருக்குப் பாரசீகம் தெரியாது என்பதை அங்கேயே வாழ்ந்த நெஷாத் அறியாதவர் அல்லர். துப்பாக்கி, சாதோர், எழுத்து என்னும் மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்தால் மேற்குலகச் சந்தை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதும் ஊகிக்கக் கூடியதே. ஈரானியர் சிலர் அவர்மேல் வைக்கும் குற்றச்சாட்டும் இதுதான்: எங்கள் துயரத்தை வெளியார் கண்ணுக்கேற்ற அலங்காரமாக்குகிறார் என்பது. இக்குற்றச்சாட்டை நான் முழுமையாகத் தள்ளவில்லை. ஆயினும் அவருடைய அடுத்த கட்டப் படைப்புகளைக் காணும்போது, இச்சிக்கலை நம்மைவிடக் கூர்மையாக அவரே உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது.

1998இல் அவர் எழுத்தை விட்டுவிட்டு அசையும் படத்திற்கு வந்தார். 'டர்புலன்ட்', அதாவது 'கொந்தளிப்பு', எதிரெதிரே வைக்கப்பட்ட இரண்டு திரைகளில் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு திரையில் ஆண் பாடகர்; அவருக்குப் பின்னால் அரங்கு நிறைய வெள்ளைச் சட்டை ஆண்கள். ரூமியின் கவிதையை அவர் பாடுகிறார். ஷோஜா அஸாரி நடிக்க, குரல் ஷஹ்ராம் நஸேரியுடையது. பாடி முடித்ததும் கைதட்டல். அதன்பின் எதிர்த்திரையில் சூசன் டெய்ஹிம் பாடத் தொடங்குகிறார். அவருடைய அரங்கில் ஒருவரும் இல்லை. புரட்சிக்குப் பிந்தைய ஈரானில் ஆண்கள் இருக்கும் பொது அரங்கில் பெண் தனித்துப் பாடத் தடை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவர் பாடுவதில் சொல்லே இல்லை. மூச்சு, முனகல், ஓலம், அடித்தொண்டையிலிருந்து எழும் ஒலி, அவ்வளவுதான். எதிர்த்திரையில் பாடகர் திகைத்து நிற்கிறார்.

முந்தைய தொடரில் பாரசீகம் தெரிந்தவர், தெரியாதவர் என்று இரண்டு வகைப் பார்வையாளர் இருந்தனர். 'டர்புலன்ட்' படத்தில் ஆணின் பாட்டுக்கு அந்தப் பிரிவினை இன்னும் உண்டு. பெண்ணின் பாட்டுக்கு இல்லை. சொல் இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்புக்கும் வேலையில்லை. அந்தப் பெண்குரலின் முன் டெஹ்ரான்காரரும் வெனிஸ்காரரும் ஒரே அளவு அறிந்தவர்கள், ஒரே அளவு அறியாதவர்கள். 1999இல் வெனிஸ் பினாலேயில் இப்படைப்புக்குப் பொற்சிங்க விருது கிடைத்தது. வாசிக்கப்படாமல் போனதற்கு அவர் கண்ட முதல் விடையாக இதை நான் கொள்கிறேன். அதே வேளையில் அதன் விலையையும் குறிக்க வேண்டும். ஆணுக்கு ரூமியின் எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட மொழிமரபு வாய்க்கிறது. பெண்ணுக்கு மரபற்ற ஓசை மட்டுமே. ஃபரோக்சாதும் சஃபார்சாதேயும் சொற்களால் ஈட்டிய இடம் இங்கே காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடம்தான் படத்தின் குற்றச்சாட்டு என்றும் சொல்லலாம்.

இரண்டாம் விடை முழுநீளத் திரைப்படம். ஷஹர்னுஷ் பார்சிபூரின் 'ஆண்களற்ற பெண்கள்' என்ற நாவலைத் தழுவி 2009இல் நெஷாத் அதே பெயரில் படம் எடுத்தார். அந்நாவல் ஈரானில் 1989இல் வெளிவந்து தடைசெய்யப்பட்டது. அதற்காக ஆசிரியர் சிறை சென்றார். மொசாதெக் அரசை அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகளின் துணையோடு கவிழ்த்த 1953ஆம் ஆண்டுக் கோடையில் கதை நிகழ்கிறது. நெஷாத் 1996க்குப் பின் ஈரானுக்குத் திரும்ப இயலாதவராக இருந்ததால் மொரோக்கோவில் டெஹ்ரானைக் கட்டியெழுப்பினார். பார்சிபூரே சிறிய வேடமொன்றில் நடித்திருக்கிறார். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிச்சிங்கம் இதற்குக் கிடைத்தது. இங்கே பெண்கள் முழு வாக்கியங்களில் பேசுகிறார்கள். நாம் வசனவரிகளின் உதவியால் பின்தொடர்கிறோம். ஒளிப்படக் காலத்தில் கிடைக்காத ஒன்றைத் திரைப்படம் இயல்பாகவே கொடுத்துவிட்டது: 'இதற்குப் பொருள் உண்டு, அது உனக்குத் தெரிய வேண்டும்' என்று பார்வையாளரை ஏற்கவைக்கும் ஒரு ஏற்பாடு. வசனவரி இல்லாமல் பாரசீகப் படம் பார்க்க எவரும் ஒப்ப மாட்டார்கள். பாரசீக எழுத்து நிறைந்த ஒளிப்படத்தை மட்டும் மொழிபெயர்ப்பில்லாமல் பார்த்து, கட்டுரையும் எழுதிவிடுகிறோம். இந்த முரண்தான் என்னை உறுத்துகிறது.

அதன்பின் அவர் எழுத்துக்குத் திரும்பினார். 2012இன் 'புக் ஆஃப் கிங்ஸ்' தொடரில் ஈரானிய, அரபு இளைஞர்களின் முகங்கள்மேல் எழுத்து வருகிறது. தலைப்பு ஃபிர்தௌசியின் 'ஷாநாமா'விலிருந்து எடுக்கப்பட்டது. 2009இன் ஈரானியப் பசுமை இயக்கமும் அதன்பின் அரபு நாடுகளில் எழுந்த கிளர்ச்சிகளும் அதன் பின்புலம். அரபு இளைஞருக்கு அந்த எழுத்தின் வடிவம் தெரியும், மொழி வேறு. தன் முகத்தில் எழுதப்பட்டதை எழுத்துக்கூட்ட முடிந்தும் பொருள் கொள்ள முடியாத நிலை அது.

2019இன் 'லேண்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' தொடரில் இந்நிலை முற்றாகத் தலைகீழாகிறது. நெஷாத் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போகிறார். அங்கு வாழும் வெள்ளையர், கறுப்பர், பழங்குடியினர், லத்தீன் அமெரிக்க வழிவந்தோர் எனப் பலரையும் படமெடுக்கிறார். அவர்கள் கண்ட கனவுகளைக் கேட்டறிகிறார். அவர்களுடைய பெயர், பிறந்த ஊர், கனவு ஆகியவற்றைப் பாரசீகத்தில் எழுதிப் படங்களின்மேல் பதிக்கிறார். உடன் உருவான காணொளியில் சிமின் என்ற ஈரானிய இளம்பெண் வீடுவீடாகச் சென்று கனவு சேகரிக்கிறாள். மலைக்குள் மறைந்திருக்கும் ஓர் ஈரானிய நிலையத்தில் அக்கனவுகள் பதிவு செய்யப்படுகின்றன. கீழைநாடுகளுக்கு ஆய்வாளர்களும் கணக்கெடுப்பாளர்களும் வந்து மக்களின் சொற்களைக் குறித்துக்கொண்டு தம் மொழியில் கோப்பாக்கிய வரலாறு நமக்குத் தெரியும். இங்கே கோப்பாக்குபவள் ஈரானியப் பெண், கோப்பாவது அமெரிக்கா. தன்னைப் பற்றித் தன் படத்தின்மேல் எழுதப்பட்டிருப்பதை அமெரிக்கரால் வாசிக்க முடியாது. 1990களில் 'அழகான பின்னல்' என்று பார்க்கப்பட்ட எழுத்து, பாரசீகம் அறியாதவரைச் சற்றுச் சங்கடப்படுத்தும் எழுத்தாகிவிட்டது.

2022 செப்டம்பரில் மஹ்சா அமினி இறந்தபின் எழுந்த போராட்டத்தின்போது, அடுத்த மாதமே லண்டனின் பிக்காடில்லி சர்க்கஸ் மின்திரையில் 'பெண், வாழ்வு, விடுதலை' என்ற முழக்கத்தோடு நெஷாத்தின் 1990களின் படங்கள் ஒளிர்ந்தன. அவற்றைக் கடந்துபோன ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் படத்தின் மேலிருந்த வரிகளைக் கவிதை என்று அறிந்திருப்பர்?

லண்டன் இருக்கட்டும், நம் நிலைக்கு வருவோம். பாரசீகம் தெரியாது என்று சொல்லி ஒதுங்கும் வசதி இந்தியாவில் இருக்கும் நமக்கு உண்மையில் குறைவு. 1837ஆம் ஆண்டுச் சட்டம் அகற்றும்வரை நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் கோலோச்சிய மொழி அது. ஜமீன், தாசில்தார், சர்க்கார், ஜமாபந்தி என்று தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் புழங்கிய சொற்கள் அந்த வழியாக வந்தவை. நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் பாரசீகத் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே அரபு, பாரசீகம், உருது மொழிகளுக்கான துறை உண்டு. என் விஷயத்தில் அந்தத் துறை ஒரு சுவர் தள்ளியே இருந்தது. நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் வந்த கோட்பாட்டு நூல்கள் பத்தைக் கட்டுரையில் அடுக்கினேன். பக்கத்து அறைக் கதவைத் தட்டவில்லை.

கலையை உணர மொழி தெரிய வேண்டியதில்லை என்ற வாதத்தை நான் அறிவேன். உணர்வதற்குத் தேவையில்லைதான். காட்சிக்கூடத்தில் அந்த முகத்தின்முன் நின்று நெகிழும் எவரையும் நான் தேர்வு எழுதச் சொல்லவில்லை. ஆய்வு வேறு. 'எழுத்தும் உடலும்' என்று தலைப்பிட்டு இயல் எழுதுகிறவர், அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று கேட்கக் கடமைப்பட்டவர். தமிழ்க் கல்வெட்டு ஒன்றை வாசிக்காமலே அதன் 'காட்சி அழகியல்' பற்றி ஒருவர் வெளிநாட்டில் ஆய்வேடு எழுதினால் நாம் என்ன சொல்வோம்?

ஆகவே மூன்று எளிய வேண்டுகோள்கள். முதலாவது, அயல்மொழி எழுத்து இடம்பெறும் படத்தை ஆய்வில் பயன்படுத்தும்போது மொழி எது, வரிகள் யாருடையவை என்பதைப் படவிளக்கத்திலேயே குறிப்பிடுவோம். ஃபரோக்சாத், சஃபார்சாதே என்ற இரு பெயர்களைச் சேர்த்தாலே நம் கட்டுரைகளில் பாதி மாறிவிடும். இரண்டாவது, அம்மொழி அறிந்தவரிடம் ஒருமுறையேனும் காட்டி, நன்றியுரையிலும் அவரைக் குறிப்பிடுவோம். மூன்றாவது, வாசிக்க இயலவில்லையெனில் 'நான் இதை வாசிக்கவில்லை' என்று ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுவோம். அது குறையன்று. வாசிக்காததை மறைப்பதே குறை.

அழைப்பிதழைப் பற்றி அமைப்பாளர்களுக்கு எழுதினேன். அன்றே படத்தைத் திருத்தி, நன்றியும் தெரிவித்தார்கள். என் முதுகலைக் கட்டுரையைத் திருத்த இப்போது வழியில்லை. மதிப்பெண் பட்டியலில் அது சேர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அதில் 'குர்ஆன் வசனங்கள்' என்று எழுதிய இடத்தை, 'தாஹிரே சஃபார்சாதேயின் பாரசீகக் கவிதை' என்று வாசித்துக்கொள்ள வேண்டும். அதற்கான திருத்தமாக இந்தப் பதிவு இருக்கட்டும்.